விண்ணளந்து கடல் கடந்த நதானியேல் பவுடிச்

ஒரு நூலைப் பன்னெடுங் காலம் கையாண்டு பழகியவர்கள், நூலுக்கும் நூலாசிரியருக்கும் ஒரே பெயரை வழங்கிவிடுவதுண்டு. தொல்காப்பியர் செய்தமையால் தொல்காப்பியம் என்கின்றோம். அமெரிக்க மாலுமிகளும் இவ்வாறே தாங்கள் கப்பலில் வைத்திருக்கும் தடித்த வழிகாட்டி நூலின் நீண்ட பெயரைச் சொல்லுவதில்லை. பவுடிச் என்று ஒரே சொல்லாற் குறிப்பர். 1802-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறிய அந்நூல், திருத்தியும் புதுக்கியும் இன்றும் வெளிவருகின்றது. அதனை ஆக்கியவர் கப்பற் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். பத்து வயதிற் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கியவர். வானத்தை அளந்து வழி காணும் கலையை, அன்றாட வேலை முடிந்த பின்னர் எஞ்சிய நேரத்தில், தம் விருப்பம் ஒன்றே காரணமாகக் கற்றவர். அவருடைய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று. முதியோருக்கும் அது சுவைக்கும்.

நதானியேல் பவுடிச் 1773-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆந் தேதி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சேலம் துறைமுகத்திற் பிறந்தார். இது தமிழ்நாட்டு மாம்பழச் சேலம் அன்று; பெயரொற்றுமை மட்டுமே. அந்தச் சேலத்தின் கப்பல்கள் சுமத்திரா சென்று மிளகு ஏற்றி வந்து பெருஞ் செல்வம் ஈட்டின. அதனை அடுத்த கரையிலே குளொஸ்டர் என்னும் துறை இருக்கின்றது. நமது வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-ஆம் ஆண்டிற் போய்ச் சேர்ந்தது அந்தக் குளொஸ்டருக்கே. பவுடிச் மறைந்து அவ்வாண்டோடு நூறாண்டு நிறைந்திருந்தது. இது தற்செயலே. எனினும் நம்மூர்க் கடலோடிகள் கால் வைத்த கரையைப் பற்றியே பேசுகின்றோம் என்பதை நினைவிற் கொள்க.

தந்தையார் ஹபாக்குக் பவுடிச் கப்பற் தலைவராயிருந்து, பின்னர் நொடித்துப் போய், பீப்பாய் செய்யுந் தொழிலுக்கு இறங்கியவர். துயரத்தைக் குடியில் ஆற்றிக்கொள்ள முயன்றார். ஏழு பிள்ளைகள், நதானியேல் நாலாமவர். உள்ளூர்க் கடலோடிகள் சங்கம் ஆண்டுதோறும் அளித்த சிறு உதவிப் பணமும் அக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது. பத்து வயதில் தந்தையாரின் பட்டறைக்குப் போனார். அதே காலத்தில் தாயாரும் இறந்தார். பன்னிரண்டு வயதிற் கப்பற் சாமான் விற்குங் கடையொன்றில் ஒப்பந்தப்படி கணக்கெழுதும் பையனாகச் சேர்ந்தார். கயிறு, ஆணி, விளக்கெண்ணெய், பாய்த்துணி இவற்றின் நடுவே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

அக்கடையில் வாடிக்கையாளர் வராத வேளைகளிற் சிலேட்டும் கையுமாக இருப்பார். எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்துக் கணக்குச் செய்யும் அட்சரகணிதம் என ஒன்று உண்டென்று கேள்விப்பட்டதும் அதனை வசப்படுத்திக்கொண்டார். பதினைந்து வயதளவில், 1790-ஆம் ஆண்டுக்கு உரிய பஞ்சாங்கம் ஒன்றைத் தாமே கணித்து எழுதினார். நியூற்றனின் பெருநூல் இலத்தீன் மொழியில் இருக்கின்றது என்று அறிந்தபோது, அகராதி ஒன்றைத் துணைக்கொண்டு இலத்தீன் கற்கத் தொடங்கினார். பின்னர் பிரெஞ்சு மொழியையும் கணித நூல்களுக்காகவே கற்றார். ஆசிரியர் இன்றிக் கற்றமையால் உச்சரிப்புச் சரியில்லாதிருந்திருக்கலாம், பொருள் தவறவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையான, சற்றே வெட்கத்துக்கும் உரிய செய்தியைச் சொல்லவேண்டும். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில், பகைவர் கப்பல்களைப் பிடிக்க அரசாங்க அனுமதி பெற்ற தனியார் கப்பலொன்று, கடலிற் பிடித்த சரக்கோடு ஒரு முழு நூல்நிலையத்தையும் கொண்டு வந்தது. அது றிச்சட் கேர்வான் என்னும் அயர்லாந்து இரசாயன அறிஞருக்கு உரியது. கரையில் ஏலம் போன அப் புத்தகங்களைச் சேலத்தின் படித்தோர் சிலர் வாங்கி ஒரு நூற்சங்கம் அமைத்தனர். கடைப் பையனாகிய பவுடிச்சுக்கு அதனைப் பயன்படுத்த 1791-இல் அனுமதி கிடைத்தது. புத்தகம் வாங்கப் பணமில்லாத அவர், இலண்டன் அரச கழகத்தின் கட்டுரைகளைப் பக்கம் பக்கமாகத் தம் கையாற் படியெடுத்துக்கொண்டார். பின்னாளில் அதற்குரியவருக்கு ஈடு கொடுக்க முன்வந்தபோது கேர்வான் மறுத்துவிட்டார் என்பர். பறிபோன தம் நூல்கள் ஓர் ஏழைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமாயின என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. பவுடிச் அந்தக் கடனை மறக்கவில்லை. அச் சங்கத்தின் வழிவந்த நூல்நிலையத்துக்குத் தம் மரண சாசனத்தில் ஆயிரம் டொலர் எழுதி வைத்தார்.

இனி அவர் கற்ற கலை எத்தகையது என்பதைச் சிறிது விரித்துச் சொல்லாவிடில் மேலே வருவன விளங்கா.

நடுக்கடலில் நிற்பவனுக்கு இரண்டு செய்திகள் வேண்டும்: அகலக்கோடு ஒன்று, நெடுங்கோடு மற்றொன்று. அகலக்கோடு காண்பது எளிது. வல்வெட்டித்துறைக் கரையில் இரவு வடக்கு நோக்கி நின்று பாருங்கள். துருவ நட்சத்திரம் கடலுக்கு மேலே ஏறத்தாழப் பத்துப் பாகை உயரத்தில், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவுக்கு மேல், தாழ்ந்து நிற்கும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே அவ்வளவு பாகையில் வாழ்கின்றோம் என்பதே அதன் பொருள். பகலிற் சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தை அளந்து, அன்றைய நாளில் சூரியன் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கின்றது என்பதை அட்டவணையிற் பார்த்துச் சேர்த்தாலும் அகலக்கோடு கிடைக்கும்.

அளக்குங் கருவியே செக்ஸ்டன்ற். வட்டத்தின் ஆறிலொரு கூறாகிய வளைவு, அதன்மேல் அசையும் ஒரு கை, கையின் தலையில் ஒரு கண்ணாடி, எதிரே பாதி மட்டும் இரசம் பூசிய இன்னொரு கண்ணாடி, ஒரு சிறு தொலைநோக்கி. இவ்வளவே. கையை அசைக்க அசைக்கச் சூரியனின் பிம்பம் வானத்திலிருந்து இறங்கி வந்து கடலின் விளிம்பைத் தொடும். தொட்ட கணத்தில் வளைவிற் கோணத்தைப் படிக்கவேண்டும். கப்பல் ஆடினாலும் பிம்பமும் விளிம்பும் சேர்ந்தே ஆடுவதால் அளவு கெடாது. இதுவே இக்கருவியின் பெருமை. கண்ணாடி திரும்புவதைப் போல இருமடங்கு ஒளி திரும்புமாதலால் அறுபது பாகை வளைவு நூற்றிருபது பாகை வரை அளக்கும்.

நெடுங்கோடுதான் நூற்றாண்டுக் கணக்காக மாலுமிகளைக் கொன்ற புதிர். பூமி ஒரு மணித்தியாலத்திற் பதினைந்து பாகை சுழலுகின்றது. ஆகவே கிரீனிச்சில் இப்பொழுது என்ன நேரம் என்று தெரிந்தால், இவ்விடத்து நேரத்தோடு ஒப்பிட்டு நெடுங்கோட்டைக் கூறிவிடலாம். ஆனால் கிரீனிச் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடற் கடிகாரம் அக்காலத்தில் விலை மிகுந்த பொருள். வணிகக் கப்பல்களில் அதனைக் காண்பது அரிது. அவர்களுக்கு வானத்திலேயே ஒரு கடிகாரம் இருந்தது. அது சந்திரன்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரம் நகருகின்றது. அதாவது பதின்மூன்று பாகை. மணித்தியாலத்துக்கு அரைப்பாகை, தன் முகத்தின் அகலமளவு. நட்சத்திரங்கள் மணிக்கூட்டின் எண்கள்; சந்திரன் அதன் முள். சூரியனுக்கோ குறித்த ஒரு நட்சத்திரத்துக்கோ சந்திரனுக்கோ இடைப்பட்ட தூரத்தைச் செக்ஸ்டன்றால் அளந்து, அத்தூரம் கிரீனிச்சில் எந்நேரத்துக்கு உரியது என்று கடற் பஞ்சாங்கத்திற் பார்த்தால் நேரம் வந்துவிடும். 1767-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் வெளியிட்ட கடற் பஞ்சாங்கம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அத்தூரங்களைக் கொடுத்தது.

கேட்க எளிது. செய்வது அப்படியன்று. முள் மிக மெதுவாக நகருவதால், அளவில் ஒரு கலை பிழைத்தால் நேரத்தில் இரண்டு நிமிடமும், பூமத்திய ரேகையருகே முப்பது கடல் மைலும் பிழைக்கும். அன்றியும் காற்றினூடே ஒளி வளைவதையும், பூமியின் நடுவிலன்றி மேற்பரப்பில் நின்று பார்ப்பதாற் சந்திரன் இடம்பெயர்ந்து தோன்றுவதையும் திருத்தவேண்டும். அத்திருத்தம் நீண்ட கணக்கு. எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதில் மயங்கினால் எல்லாம் பாழ். ஆகையாற் பல தலைவர்கள் இம்முறையைக் கற்றோருக்கு விட்டுவிட்டு, வேகத்தையும் திசையையும் கொண்டு உத்தேசமாகவே ஓட்டி வந்தனர்.

1795 சனவரியிற் பவுடிச் முதன்முறையாகக் கடலேறினார். ஹென்றி என்னும் கப்பலில் எழுத்தராக, இந்து சமுத்திரத்திலுள்ள பூர்போன் தீவுக்கு. இன்று றியூனியன் எனப்படுவது அதுவே. கப்பலை நடத்துவது அவர் வேலையன்று. சரக்குக் கணக்குப் பார்த்த நேரம் போக மிச்சமெல்லாம் செக்ஸ்டன்றும் சிலேட்டுமாக மேற்றளத்திற் கழித்தார். அடுத்த பயணம் 1796-இல் அஸ்திரியா என்னும் கப்பலில் லிஸ்பன் வழியாக மணிலாவுக்கு. அடுத்து ஸ்பெயினுக்கு ஒரு முறை. மீண்டும் பத்தாவியாவுக்கும் மணிலாவுக்கும். பயணங்களை இங்கே விரிக்க வேண்டா. அவற்றில் அவர் செய்த இரண்டு காரியங்களே முக்கியம்.

முதலாவது, தாம் அறிந்ததை மற்றவருக்குக் கற்பித்தார். பாய் இழுக்கும் சாதாரண மாலுமிகளைக் கூட்டி உட்காரவைத்துச் சந்திர தூரக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். கணக்கறிவு தலைவருடைய அறையிற் பூட்டி வைக்கப்பட்டிருந்த காலம் அது. அறிந்தவன் இறந்தால் கப்பல் குருடாகும். அஸ்திரியாவில் அப்பூட்டுத் திறந்தது. பன்னிரண்டு மாலுமிகளும், சமையற்காரர் உட்பட, தாமே இடங்காணக் கற்றனர். அவரிடம் பயின்ற எளிய மாலுமிகள் சிலர் பின்னர் மாலுமித் தலைவராயினர்.

இரண்டாவது, அட்டவணைகளை நம்பாமல் ஒவ்வோர் எண்ணையும் மீளக் கணித்துப் பார்த்தார். அக்காலத்து மாலுமிகள் வேதம் போற் கொண்டிருந்தது ஜோன் ஹமில்ற்றன் மூர் என்னும் ஆங்கிலேயரின் வழிகாட்டி நூல். அதிற் பவுடிச் கண்ட பிழைகள் எண்ணாயிரம் என்பர். பெரும்பாலானவை சிறியன, சில உயிரைக் குடிப்பன. ஒன்றை மட்டும் சொல்லுகின்றேன். 1800-ஆம் ஆண்டு நான்கால் வகுபடுமாயினும், நூற்றாண்டு நிறைவாதலால், பெப்ருவரியில் இருபத்தொன்பது நாள் வராது. மூரின் சூரிய அட்டவணை அதை மறந்து ஒரு நாளைக் கூட்டிவிட்டது. மார்ச் மாதத்திற் சூரியன் ஒரு நாளில் இருபத்துமூன்று, இருபத்துநாலு கலை வடக்கே நகரும். ஒரு கலை ஒரு கடல் மைல். ஆகவே அந்த அட்டவணையை நம்பி நண்பகலில் அளந்தவன், கருவி சரி, கண் சரி, கணக்குச் சரி என்று மகிழ்ந்து, பாறைக்கு இருபது மைல் அப்பால் இருப்பதாக எண்ணிக்கொண்டு அப்பாறையின் மேலேயே கப்பலை ஏற்றுவான். இப்பிழையாற் கப்பல்கள் சில உடைந்தன என்று பவுடிச்சே கருதினார். அச்சுப்பிழை என்றால் நாம் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகின்றோம். அங்கே அது பிணத்தைக் கரையொதுக்கிற்று.

நியூபரிபோர்ட் நகரத்து எட்மன்ட் பிளன்ட் என்னும் பதிப்பாளர் மூரின் நூலை அமெரிக்காவில் அச்சிட்டபோது, திருத்தும் பணியை இவரிடம் ஒப்புவித்தார். 1799-இலும் 1800-இலும் மூரின் பெயராலேயே பதிப்புகள் வந்தன. திருத்தத் திருத்தப் பழைய நூலில் மிஞ்சியது சிறிதாகவே, 1802-இல் அது புதிய அமெரிக்க வழிகாட்டி என்னும் கருத்துடைய பெயரோடு பவுடிச்சின் நூலாகவே வெளிப்பட்டது. சந்திர தூரத்தைத் திருத்தும் முறையை, கூட்டுவதா கழிப்பதா என்ற மயக்கத்துக்கு இடமில்லாதபடி அவர் சீர்செய்திருந்தார். கயிறு முடிச்சு, கடற்சொற்கள், அலை, சரக்குக் காப்புறுதி என மாலுமிக்கு வேண்டியதெல்லாம் அதிலிருந்தன. நடுத்தளத்தில் அமர்ந்து படிப்பவனை மனத்திற்கொண்டு எழுதியதே அந்நூல் நிலைத்தமைக்குக் காரணம் என்பது என் எண்ணம். மேதைகளுக்கு மேதைகள் எழுதிய நூல்கள் அதற்கு முன்னும் பல இருந்தன.

இவ் வெற்றிக்கிடையில் நேர்ந்த துயரத்தையும் மறைக்கலாகாது. 1798 மார்ச்சில் எலிசபெத் போட்மன் என்னும் பெண்ணை மணந்தார். சில மாதங்களில் ஸ்பெயின் பயணத்துக்குப் புறப்பட்டார். அவர் கடலில் இருந்தபோதே, அவ்வாண்டு ஒக்டோபரில் அவள் இறந்தாள். தந்தையாரும் அதே ஆண்டில் மறைந்தார். உலகில் தாம் நிற்கும் இடத்தைக் கலைக் கணக்கிற் சொல்லவல்லவர், தம் வீட்டில் நடந்ததை அறியாதிருந்தார். 1800-இல் உறவினளாகிய மேரி இங்கர்சோலை மணந்தார். அவ்வம்மையார் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் அவருக்குத் துணையாயிருந்தார்.

1802-இல் ஹார்வாட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வேடிக்கை பார்க்கப் போனார். காற்றுச் சாதகமின்றிக் கப்பல் பொஸ்டனிற் காத்திருந்த நேரம். இலத்தீனிற் பெயர்களைப் படித்துக்கொண்டு வருகையில் தம் பெயரைப் போல ஒன்று கேட்டது. உண்மையிலேயே தம் பெயர்தானா என்று தெளியச் சிறிது நேரமாயிற்று என்று அவர் மகன் எழுதிய வரலாறு கூறும். கல்லூரி வாசலை மிதியாதவருக்கு முதுகலைக் கௌரவப் பட்டம்.

கடைசிப் பயணம் அவ்வாண்டு நவம்பரில் தொடங்கியது. பட்னம் என்னும் கப்பலுக்கு இம்முறை அவரே தலைவர். உரிமையிலும் ஒரு பங்கு. சுமத்திராவில் மிளகு ஏற்றி, மொறீசியசையும் தொட்டு, 1803 திசெம்பர் 25-ஆந் தேதி சேலத்தை அணுகினார். கடும் பனிப்புயல். கரை தெரியவில்லை. பாறைகள் நிறைந்த வாய்க்கால். மற்றொருவராயிருப்பின் வெளிக்கடலிலே நின்று புயல் ஓயக் காத்திருப்பர். பவுடிச் தம் கணக்கை நம்பி உள்ளே திருப்பினார். பேக்கர் தீவின் விளக்கு ஒரு கணம் மின்னி மறைந்தது. அது கணக்கோடு ஒத்தது, போதும். அன்றிரவே கப்பல் துறையில் நங்கூரமிட்டது. இதனைத் துணிவு என்று பாராட்டுவோர் பலர். நான் அதில் ஒரு பாதியையே துணிவென்பேன். மற்றப் பாதி, முதல் நாட்களில் எடுத்த அளவுகள் ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்த பொறுமை.

அதன்பின் அவர் கடலேறவில்லை. 1804-இற் சேலத்திலே கடற் காப்புறுதிக் கம்பெனி ஒன்றின் தலைவரானார். 1823-இற் பொஸ்டனுக்குக் குடிபெயர்ந்து ஆயுட் காப்புறுதி நிறுவனமொன்றின் கணிதராயினார். ஹார்வாட்டும், பின்னர் வேர்ஜினியப் பல்கலைக்கழகமும், வெஸ்ட் பொயின்ற் படைக்கல்லூரியும் பேராசிரியர் பதவிக்கு அழைத்தன, எதற்கும் இணங்கவில்லை. 1818-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. தம் இளமையில் எந்தக் கழகத்தின் ஏடுகளைப் படியெடுத்தாரோ, அதே கழகம்.

இரவும் அதிகாலையும் இலாப்பிளாசின் வான இயக்கவியற் பெருநூலுக்கு உரியனவாயின. பிரெஞ்சிலிருந்த அந்நூலின் நான்கு பாகங்களை 1817-ஆம் ஆண்டளவில் மொழிபெயர்த்து முடித்தார். இலாப்பிளாஸ் இது தெளிவு என்று சொல்லித் தாண்டிய இடங்களிலெல்லாம், அத்தெளிவைக் காணத் தமக்குப் பல மணித்தியாலம் உழைக்க நேர்ந்தது என்பார். அவ்வுழைப்பைப் பிறர் படவேண்டா என்று விரிவான உரை எழுதினார். அச்சுச் செலவு ஏறத்தாழ 12,000 டொலர். கழகமொன்று தன் செலவில் வெளியிட முன்வந்தது. நண்பர்கள் கையொப்பத் தொகை திரட்ட முயன்றனர். விற்கக் கடினமான நூலைப் பிறர் தலையிற் கட்ட அவர் விரும்பவில்லை. வீட்டுச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மேரி அம்மையார் சொன்ன பின்னரே, 1829-இல் முதற் பாகம் வெளிவந்தது. மூன்றாம் பாகம் வந்த 1834-இல் அவ்வம்மையார் காலமானார். நூலை அவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.

குறையில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. சிறிய உருவம், இளமையிலேயே நரைத்த தலை, எளிதில் மூளும் கோபம். ஹார்வாட்டின் ஆட்சிக்குழுவில் அமர்ந்தபோது கணக்குகள் சீரற்றிருக்கக் கண்டு கடுமையாக நடந்துகொண்டார். எல்லோராலும் நேசிக்கப்பட்ட தலைவர் கேர்க்லன்ட் 1828-இற் பதவி விலக நேர்ந்தது. கணக்கிற் பவுடிச் சரி. மனிதரைக் கையாண்ட முறையில் அட்டவணையைத் திருத்துவது போலவே அவர் நடந்தார் என்று அக்காலத்தார் பலர் மனக்கசப்புற்றனர். அக்கசப்பை நான் குறைகூறமாட்டேன்.

அவருடைய கற்பித்தல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1817-இற் சேலத்துச் செல்வர் ஒருவரின் உல்லாசக் கப்பல் இத்தாலியின் ஜெனோவாத் துறையை அடைந்தது. வானியலறிஞர் சாக் பிரபு அதனைப் பார்க்கப் போனார். சந்திர தூரக் கணக்கு பற்றிப் பேச்செழுந்தபோது, கப்பலின் கறுப்பினச் சமையற்காரரே அதைச் செய்வார் என்று கூறி அவரை அழைத்தனர். அடுக்களைத் துணியோடு வந்த அவர், பல அறிஞர்களின் முறைகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். பவுடிச்சின் முறையும் அதில் இருந்தது. ஆனால் தமக்குப் பிடித்தது டன்தோர்ன் என்பவரின் முறை என்று அவர் தயங்காமற் சொன்னார். ஐரோப்பிய அறிஞர் வியந்து அதனை அச்சிலும் எழுதினார். பவுடிச்சுக்கு இதைவிடப் பெரிய மதிப்பு யாரும் அளித்திருக்க முடியாது. சமையற்காரர் தாமே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அக்கலை இறங்கி வந்திருந்தது.

1838 மார்ச் 16-ஆந் தேதி, வயிற்றுப் புற்றுநோயால், பொஸ்டனில் அவர் உயிர் நீங்கியது. இறுதி நாட்கள் வரை நாலாம் பாகத்தின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அது மறு ஆண்டு வெளிவந்தது. செய்தி எட்டிய துறைமுகங்களிற் கப்பற் கொடிகள் அரைக்கம்பத்தில் தாழ்ந்தன. மவுன்ட் ஓபர்ன் மயானத்தில், பூகோளமும் செக்ஸ்டன்றும் அருகிருக்க, அவருடைய வெண்கலச் சிலை அமர்ந்திருக்கின்றது.

நூலின் உரிமையைப் பின்னர் அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது. நல்ல கடிகாரங்கள் மலிந்த பின் சந்திர தூர அட்டவணைகள் அதிலிருந்து நீங்கின. செயற்கைக் கோள்கள் இடத்தைச் சொல்லும் இக்காலத்தில் செக்ஸ்டன்றும் பலருக்குப் பொழுதுபோக்குக் கருவியாகிவிட்டது. கடல் கிட்டாதவர்கள் தட்டில் எண்ணெய் வார்த்து, அதில் விழும் சூரியனின் நிழலுக்கும் மேலே நிற்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, அதில் பாதியை உயரமாகக் கொள்ளுகின்றனர். அவர்களிற் சிலர் முன்னிரவில் முற்றத்தில் நின்று, கடிகாரத்தைப் பாராமலே, சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, பவுடிச்சின் பழைய பதிப்பை விரித்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கணிக்கின்றார்கள். ஒரு நிமிடத்துக்குள் சரிவந்தால் அன்றிரவு அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லையாம்.